தெய்வேந்திரமுனையிலிருந்து யமகுச்சி வழியாக

உயர்தர வகுப்பில் எமது பௌதிகவியல் ஆசிரியர், சிற்றலை வானொலி, வளிமண்டலத்தின் மேலுள்ள மின்னேற்றப் படையான அயனமண்டலத்தில் பட்டுத் தரைக்குத் திரும்புவதைக் கரும்பலகையில் வரைந்து கற்பித்தார். கப்பல் வானொலி அதிகாரியாக எனக்குச் சோறு போட்டது அந்தப் பாடந்தான். கரையோர நிலையம் தனது பட்டியலில் எமது கப்பலின் அழைப்புக்குறியைச் சொல்லும்வரை காத்திருந்து, பின்னர் முறை வரும்வரை மறுபடியும் காத்திருந்து, மோர்ஸில் தட்டி அனுப்புவோம். பொழுது சாயும் வேளையில் அயனமண்டலம் மாறிவிட்டால் பாதித் தந்தியோடு தொடர்பு அறுந்துவிடும்.

இந்த நிலையை மாற்றியவை, அமெரிக்காவின் கொம்சாற் ஜெனரல் நிறுவனம் 1976 இல் ஏவிய, கப்பல்களின் தொடர்புக்கான மூன்று மரிசாற் செய்மதிகள். பெப்ரவரியில் ஏவியது அத்திலாந்திக்குக்கும், யூனில் ஏவியது பசிபிக்குக்கும், ஒக்டோபரில் ஏவியது இந்து சமுத்திரத்துக்கும் உரியவை. தனது சொந்தச் செய்மதிகள் தாமதமானதால், அமெரிக்கக் கடற்படை இவற்றின் வலுவில் பெரும்பங்கை இடைக்கால ஏற்பாடாக வாடகைக்கு எடுத்திருந்தது. வணிகக் கப்பல்களுக்குக் கிடைத்தது மிச்சந்தான். ஆயினும் அந்த மிச்சம் எங்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை நன்றியுடன் பதிவுசெய்கிறேன்.

இந்து சமுத்திரச் செய்மதி கிழக்கு நெட்டாங்கு 73 பாகையில், மாலைதீவின் தென்கோடிக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றது. அதற்குரிய தரை நிலையம் யப்பானின் யமகுச்சியில் இருந்ததனால், இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்கு அப்பால் செல்லும் கப்பலிலிருந்து கொழும்புக்கு அனுப்பும் செய்தி, வானேறி யப்பானில் இறங்கிய பின்னரே இலங்கைக்கு வந்து சேரும். தொலைபேசியில் பேசினால், நாம் சொல்லி முடித்து மறுமொழி கேட்க அரைச் செக்கனுக்கு மேல் பிடிக்கும். அந்த இடைவெளியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிக் குழம்புவது வழக்கம்.

சுக்கான் அறைக்கு மேலிருந்த வெண்ணிறக் கூண்டுக்குள் 1.2 மீற்றர் விட்டமுள்ள அலைவாங்கித் தட்டொன்று, கப்பல் எவ்வளவு உருண்டாலும் சுழல்காட்டியின் உதவியோடு செய்மதியையே நோக்கி நிற்கும். எமது கடற்பரப்பில் அது ஏறக்குறைய உச்சியைப் பார்க்கும். நன்னம்பிக்கை முனையில் நன்றாகத் தாழ்ந்து சாய்ந்துவிடும்; அங்கே கப்பல் மேற்கே திரும்பினால் புகைபோக்கி குறுக்கே வந்து இணைப்பு துண்டிக்கப்படும். அப்போது திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் புதிதாக இட்டு, அத்திலாந்திக் செய்மதியைப் பிடிப்பேன். தட்டச்சுச் செய்திகளை அனுப்பிப் பெறும் ரெலெக்ஸ் இயந்திரம், தரை நிலையத்தின் மறுமொழிக் குறியை அச்சடிக்கும் ஓசை, என் தொழிலில் நான் மிக விரும்பிய ஓசை. நோயுற்ற மாலுமிக்கு மருத்துவ ஆலோசனை கேட்க வேண்டிய இரவுகளில் அதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

1979 இல் அமைக்கப்பட்ட இன்மர்சாற் என்ற சர்வதேசக் கடல்சார் செய்மதி அமைப்பு, 1982 பெப்ரவரி முதலாம் திகதி மரிசாற் செய்மதிகளை வாடகைக்கு எடுத்தே சேவையைத் தொடங்கியது. 1999 இல் மோர்ஸ் அவசர அழைப்புமுறை முற்றாக நீங்கியபோது வானொலி அதிகாரி என்ற பதவியும் பெரும்பாலான கப்பல்களிலிருந்து மறைந்தது. ஐந்து ஆண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்ட பசிபிக் செய்மதியோ 2008 வரை உழைத்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செய்மதி துருவத்துக்குத் தெரியாது. ஆனால் முதுமையில் அதன் பாதை சாய்ந்தமையால் நாள்தோறும் சில மணிநேரம் தென்துருவத்தின் அடிவானத்துக்கு மேலே எழுந்து, அங்குள்ள அமெரிக்க ஆய்வு நிலையத்தின் தரவுகளைச் சுமந்தது.