பி-47 என்றால் எந்த பி?

வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டிலிருந்து குன்னூரில் உள்ள ஒரு படிப்பகத்துக்கு இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய ராணுவ விமானப் படங்கள் வந்தன. மொத்தம் 140. கண்காட்சிக்காக ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஐந்து வாரம் இழுத்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, எங்கெங்கே சறுக்கும் என்று எழுதி வைக்கிறோம்.

முதல் சறுக்கல் தமிழ் எழுத்தில்தான். அமெரிக்கர்கள் குண்டுவீச்சு விமானத்துக்கு B என்றும், அந்தக்காலத் துரத்தல் விமானத்துக்கு, அதாவது சண்டை விமானத்துக்கு, P என்றும் எழுத்து வைத்திருந்தார்கள். தமிழில் இரண்டுமே ‘பி’. பி-47 தண்டர்போல்ட் ஒற்றை இருக்கை, ஒற்றை உந்துவிசிறி. பி-47 ஸ்ட்ராட்டோஜெட்டோ ஆறு ஜெட் எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானம். சீட்டில் வெறும் பி-47 என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அதனால் எழுத்துக்கு முன்னால் பணியையும் கட்டாயம் எழுதினோம்: ‘துரத்தல் பி-47’, ‘குண்டுவீச்சு பி-47’, ‘ரோந்து பி-8’. படம் எடுத்த ஆண்டையும் பாருங்கள். 1948இல் துரத்தல் எழுத்தை எடுத்துவிட்டு ‘எஃப்’ என்று மாற்றினார்கள். பி-51 மஸ்டாங் அன்றுமுதல் எஃப்-51. படத்தின் பின்னால் இரண்டில் எது இருந்தாலும் பிழையில்லை.

இன்றைய அமெரிக்க முறை 1962 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் விமானப்படை ஒரு பெயரும் கடற்படை ஒரு பெயரும் வைத்திருந்தன. பாண்டம் சண்டை விமானம் ஒன்றே, ஆனால் விமானப்படைக்கு அது எஃப்-110, கடற்படைக்கு எஃப்4எச். இரண்டையும் சேர்த்து எஃப்-4 ஆக்கினார்கள். இந்தப் பெயர்களை இடமிருந்து வலமாகப் படித்தால் குழப்பம்தான். இடைக்கோட்டில் தொடங்கி இடப்பக்கமாகப் போக வேண்டும். ஒய்ஆர்எஃப்-4சி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை ஒட்டிய எஃப் அடிப்படைப் பணி, சண்டை விமானம். அடுத்த ஆர், அதை உளவுக்கு மாற்றியமைத்தார்கள் என்பது. கடைசி ஒய், இன்னும் முன்மாதிரி நிலை. ஹெலிகாப்டரானால் கோட்டை ஒட்டி எச் நிற்கும், பணி அதற்கு இடப்பக்கம்: ஏஎச்-64 தாக்குதல் ஹெலிகாப்டர். ஆளில்லா விமானத்துக்கு அந்த இடத்தில் க்யூ.

கோட்டுக்கு வலப்பக்கம் எண்ணும், அதன்பின் வரும் எழுத்தும் வெறும் வரிசை. இங்கேதான் எங்களுக்கு அதிகம் தவறியது. கேசி-135ஆர் என்பதில் கடைசி ஆர் உளவு அல்ல. அது எரிபொருள் நிரப்பும் டேங்கர், ஆர் அதன் வரிசை எழுத்து. ஆர்சி-135 தான் உளவு விமானம். எஃப்-15இ-யில் உள்ள இ-யும் அப்படித்தான், மின்னணுப் பணி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று, சுழியம் போலத் தெரியும் என்பதால் ஐ, ஓ இரண்டையும் வரிசையில் விட்டுவிடுவார்கள். அப்படியானால் அரக்கோணத்திலிருந்து பறக்கும் நம் கடற்படையின் பி-8ஐ? அந்த ஐ வரிசை எழுத்தே இல்லை, இந்தியாவைக் குறிப்பது.

பிரிட்டிஷ் முறை எளிது: பெயர், பணி எழுத்து, வடிவ எண். நம் விமானப்படையிலிருந்த கான்பெரா குண்டுவீச்சு விமானமும் ஹண்டர் சண்டை விமானமும் ஏற்றுமதி வடிவங்கள் என்பதால் பெரும்பாலும் மூல எண்ணோடு 50 கூடியிருக்கும். அவர்களுடைய ஹண்டர் எஃப்.6, நம்மிடம் எஃப்.56.

ரஷ்ய விமானங்களில் எண் மட்டும் போதாது, எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளும் வேண்டும். சுகோய்-30 எம்கேஐ: நவீனப்படுத்தியது, ஏற்றுமதிக்கானது, இந்தியாவுக்கானது. பெட்டியில் இருந்த பழைய குறிப்புகளில் மிக்-21க்கு ‘ஃபிஷ்பெட்’ என்றிருந்தது. அது நேட்டோ தன் வசதிக்கு வைத்த பெயர். எஃப்-இல் தொடங்கினால் சண்டை விமானம், பி-இல் (B) தொடங்கினால் குண்டுவீச்சு. அதை ஓட்டியவர்கள் வைத்த பெயரல்ல, ஆகவே சீட்டின் மேல்வரியில் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தோம். மிக்-29 பாஸ், ஜாகுவார் ஷம்ஷேர், மிராஜ் வஜ்ரா, ஐஎல்-76 கஜராஜ் என்று நம் படை வைத்த பெயர்கள் மேல்வரிக்குப் போயின.

ரஃபேலில் இன்னொரு பொறி. வாலில் ஆர்பி, பிஎஸ் என்று இருப்பது வால் எண்ணின் தொடக்கம், ரகம் அல்ல. ஆர்பி என்றால் இரட்டை இருக்கை டிஎச், பிஎஸ் என்றால் ஒற்றை இருக்கை இஎச்.

வெலிங்டன் படங்களில் பாதிக்குமேல் ஹெலிகாப்டர்கள். வால் தண்டு வெறும் கம்பிச் சட்டமாக இருந்தால் சீட்டா, மூடியிருந்தால் சேத்தக். எம்ஐ-8க்கு வால் விசிறி வலப்பக்கம், எம்ஐ-17க்கு இடப்பக்கம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் இது தலைகீழாகிவிடும். உடலில் உள்ள எண் நேராகப் படிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்டச் சின்னத்தை நம்பாதீர்கள், அது எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.

மைதாப் பசை வேண்டாம், குன்னூர் ஈரத்தில் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். மூலைத்தாள் செருகி, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பனிமூட்டத்தில் வாலே தெரியாத ஆறு படங்களுக்கு ‘ஹெலிகாப்டர், வெலிங்டன்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.