மோன் பிளாங் சுற்றுநடை: படுக்கை கிடைத்த பிறகுதான் பாதை

ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. பெயர் டூர் டு மோன் பிளாங், நடக்கிறவர்கள் டிஎம்பி என்பார்கள். ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். சென்னையிலிருந்து நானும் அக்காவும் போய் வந்தோம். அதிலிருந்து கேட்கிறவர்கள் எல்லாரும் ஷூ எது, பை எது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை ராத்திரி படுக்க இடம் பிடிப்பது, மற்ற எல்லாமே அதைப் பொறுத்துதான்.

ஏனென்றால் மலைக்கு மேலே இருக்கிற குடில்கள் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடுகின்றன, அந்த மூன்று மாதத்துக்குள் உலகமே அங்கே வந்து நிற்கிறது. கூடாரம் தூக்கிக்கொண்டு போய் நினைத்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் விதிகள் உண்டு, சுவிஸ் பக்கம் ரொம்பவே கண்டிப்பு. ஜூனில் உயரமான கணவாய்களில் பனி கிடக்கும், வெறும் ஷூவோடு கடக்க எனக்குத் தைரியமில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம். ஆகஸ்ட் கடைசி வாரம் யூடிஎம்பி என்ற மலை ஓட்டப்பந்தயம் இதே மலையைச் சுற்றி நடக்கும், பிரான்ஸ் பக்கத்து ஷாமொனி ஊரில் அறையே கிடைக்காது. அது முடிந்ததும் கிளம்புவது, குடில்கள் மூடுவதற்குள் முடிப்பது என்று செப்டம்பர் முதல் பாதியைப் பிடித்தோம்.

தேதி முடிவானதும் முதல் நாளிலிருந்து வரிசையாக முன்பதிவு செய்யத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். எங்கே இடம் குறைவோ அங்கே முதலில் பிடியுங்கள். பிரான்ஸ் பக்கத்து லே ஷாப்யூவிலிருந்து இத்தாலியின் கூர்மாயர் போகிற நீளத்தில் தங்க ஒரு சில இடங்கள்தான். எலிசபெட்டா குடில் நிறைந்துவிட்டால் அந்த நாள் மிக நீளமாகிவிடும். இத்தாலியப் பக்கம் பொனாட்டி குடில், கடைசிப் பகுதியில் லாக் பிளாங் ஏரிக்கரைக் குடில், இவையும் அப்படித்தான். இந்த மூன்றுக்கும் முந்தின வருஷமே மின்னஞ்சல் போட ஆரம்பித்தேன். எலிசபெட்டாவும் பொனாட்டியும் கிடைத்தன, லாக் பிளாங் கிடைக்கவில்லை. கிடைத்த இரண்டு தேதிகளையும் ஆணியடித்து வைத்துக்கொண்டு நடுவில் இருக்கிற நாட்களை நிரப்பினோம். லே கோன்டமின், கூர்மாயர், ஷாம்பே மாதிரி ஊர்களில் விடுதிகள் நிறைய, அங்கே பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூர்மாயரில் ஒரு நாள் கூடுதலாக வைத்தோம். ஓய்வுக்கு ஓய்வு, மழை அடித்து ஒரு நாள் தள்ளினால் அதற்கும் ஆச்சு.

அடுத்தது வீசா. எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் வீசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தருகிற வீசா, கேட்க வேண்டும், எங்களுக்கு அது பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான் விண்ணப்பமே கொடுக்க முடியும். ஆனால் குடிலுக்கு முன்பணம் அதற்கும் முன்பே கட்டியாக வேண்டும்! இதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு உள்ள பெரிய சங்கடம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு குடிலுக்கும் எழுதி, வீசா மறுத்தால் பணம் திரும்புமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்தேன். பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்டது, சிலர் தாராளம், சிலர் கறார். எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதி, ஊர், நாடு, உறுதிப்படுத்திய மின்னஞ்சல் என்று அட்டவணை போட்டு விண்ணப்பத்தோடு வைத்தேன். "ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற ஊரா மேடம்?" என்று கவுண்டரில் கேட்டார்கள். வரைபடத்தையும் எடுத்துக் காட்டினேன், அதோடு கேள்வி நின்றது.

காப்பீடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு போதும், ஆனால் மலைநடையும் மலை மீட்பும் அதில் அடங்குமா என்பது வேறு கேள்வி. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் பில் நமக்குத்தான் வரும். மலையேற்றத்தை விலக்கி வைக்கிற பாலிசிகள் உண்டு, ஆகையால் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உடம்பு. இமயமலை மாதிரி உயரத்தால் தலைவலி, மூச்சுத்திணறல் என்று இங்கே பெரிதாகப் பயப்பட வேண்டாம், மோன் பிளாங் சிகரம் 4,800 மீட்டருக்கு மேல் இருந்தாலும் பாதையின் உச்சம் 2,665 மீட்டரைத் தாண்டாது. சோதிப்பது ஏற்றமும் இறக்கமும்தான். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வருகிறது, எவரெஸ்டின் உயரத்தைவிட அதிகம். அதனால் தினசரித் திட்டத்தை நான் கிலோமீட்டரில் போடவே இல்லை. மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று கணக்கு வைத்தேன். லே கோன்டமின் 1,170 மீட்டர் வாக்கில், அங்கிருந்து ஏறிப் போகிற போனோம் கணவாய்ப் பக்கம் 2,479 மீட்டர். ஆக நாலரை மணி நேரம், சாப்பாடு ஓய்வு தனி. சுவிஸ் பக்கத்து மஞ்சள் கைகாட்டிகளும் நேரத்தில்தான் இருக்கும்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, இறங்கும்போது முழங்கால் வலிக்கும். அடுக்குமாடிப் படிக்கட்டில் பையோடு ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அதிகம் பழகினோம். போளூர் பக்கத்துப் பர்வதமலைக்கும் போனோம். அங்கே கடப்பாறை நெட்டு என்ற செங்குத்துப் பாறையில் கம்பியைப் பிடித்து ஏறியது பிற்பாடு உதவியது. டிஎம்பியின் கடைசிப் பகுதியில் த்ரே ல ஷாம் என்ற ஊர் தாண்டியதும் செங்குத்துப் பாறையில் இரும்பு ஏணிகள் வரும், பலர் தயங்கி நிற்பார்கள். அக்கா மேலே பார்த்துவிட்டு "பர்வதமலைதாண்டி இது, ஏறு" என்று சொல்லி முன்னால் போய்விட்டாள். ஏணி வேண்டாம் என்கிறவர்களுக்குச் சுற்றுவழியும் இருக்கிறது.

பையின் எடையை 8 கிலோவுக்குள் வைத்தோம். மழைச்சட்டை, கையுறை, குளிர் தாங்கும் ஒரு மேலாடை, இரண்டு ஊன்றுகோல், இவற்றில் சிக்கனம் கூடாது. குடிலில் போர்வை தருவார்கள், உள்ளே விரிக்கும் மெல்லிய உறை நாம் கொண்டுபோக வேண்டும். சைவம் என்று முன்பதிவிலேயே எழுதினால் ஆம்லெட்டோ, பாலாடைக்கட்டி போட்ட பொலெந்தா என்ற சோளமாவுக் களியோ கிடைக்கும். பருப்புப் பொடி இல்லாமல் நான் போயிருக்க மாட்டேன். யூரோவோடு கொஞ்சம் சுவிஸ் பிராங்கும் கையில் வேண்டும், ஐரோப்பிய ஒன்றிய சிம் சுவிஸ் எல்லை தாண்டினால் வேலை செய்யுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், எனவே காலை உணவு முடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் கணவாயைத் தாண்டுவது எங்கள் விதி. சுவிஸ் பக்கத்து ஷாம்பேயிலிருந்து ஃபெனேட்ர் தார்பெத் என்ற கணவாய் வழியாக ஏற எனக்கு ரொம்ப ஆசை, 2,665 மீட்டர், முழுக்கப் பாறை. முந்தின மாலை வானிலை அறிக்கையில் புயல் மழை என்றிருந்தது. வீட்டிலேயே இரண்டு வழியும் குறித்து வைத்திருந்ததால் விவாதமே வரவில்லை, காடும் மேய்ச்சல் நிலமுமாகப் போகிற போவின் வழியில் நடந்தோம். மழை பெய்யத்தான் செய்தது.

கடைசி நாளையும் இப்படித்தான் வைத்திருந்தோம். பிரெவோன் உச்சியிலிருந்து அடிவாரத்து லே ஊஷ் ஊர் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் ஒரே இறக்கம், அக்காவின் முழங்காலுக்கு அது வேண்டாம் என்று சென்னையிலேயே பேசி முடித்திருந்தோம். வழியில் பிளான்பிரா என்ற நிலையத்தில் அவள் கேபிள் காரில் ஷாமொனிக்கு இறங்கிவிட்டாள், நான் பிரெவோன் ஏறி லே ஊஷ் போய், பேருந்து பிடித்து அவளோடு சேர்ந்துகொண்டேன். கேபிள் காரின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை அந்தந்தப் பருவத்துக்குப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், செப்டம்பரில் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள்.