தெரேன் வரைந்த தேம்ஸ்

ஜூன் 9, கும்பகோணம்

ஓவியக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் ஒரு பிரிண்ட்டைக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே தெரேன் 1906இல் வரைந்த 'லண்டன் பூல்'. லண்டன் பாலத்தின் மேலிருந்து பார்த்த தேம்ஸ் துறைமுகம், கீழே சரக்குக் கப்பல்கள், தூரத்தில் டவர் பாலம். அசல் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "இதப் பத்தி நாலு பக்கம் எழுதணும் சித்தப்பா." ஆரம்பித்தும் விட்டாள். முதல் வரி: 'ஓவியர் தன் உணர்ச்சிகளைக் கொட்டியிருக்கிறார்.' எல்லாரும் எழுதுகிற வரி.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாயிற்று. அரசலாற்றில் இன்னும் மணலும் காட்டாமணக்கும்தான்.

மத்தியானம் கரண்ட் இல்லை. படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கிட்டத்தில் இருக்கிற சிவப்புகளை உள்ளங்கையால் மறைத்தால் படம் சப்பென்று தட்டையாகிவிடுகிறது. கையை எடுத்தால் கப்பல் முன்னால் வருகிறது, நீலப் பாலம் பின்னால் போகிறது. கிட்டத்துக்குச் சூடான நிறம், தூரத்துக்குக் குளிர்ந்த நிறம். இது கொட்டியது இல்லை, கணக்குப் போட்டு வைத்தது. அவளிடம் சொன்னேன், "உம்" என்றாள்.

ஜூன் 13

தெரேனை லண்டனுக்கு அனுப்பியது வொலார் என்ற பாரிஸ் ஓவிய வியாபாரி. 1904இல் மூத்த ஓவியர் மோனேயின் தேம்ஸ் படங்கள் பாரிஸில் பெரிதாகப் பேசப்பட்டிருந்தன, அந்தச் சூட்டிலேயே இன்னொரு வரிசை வேண்டும் என்று கணக்கு. மோனே வரைந்தது மூட்டத்தில் கரையும் நகரம். தெரேன் படத்தில் மூட்டமே இல்லை. மேலே வானத்துக்குக் கொஞ்சம் இடம், மிச்சமெல்லாம் கப்பலும் துறை வேலையும். எனக்கு இவர்தான் பிடிக்கிறது. மோனே ரசிகர்கள் திட்டட்டும்.

1905 பாரிஸ் கண்காட்சியில் மத்தீஸ், தெரேன் கூட்டத்துக்கு ஒரு விமர்சகர் 'காட்டு விலங்குகள்' என்று பட்டம் கட்டினார். பட்டம் ஒட்டிக்கொண்டதில், அவர்கள் ஏதோ வெறியில் வரைந்தார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள்.

ஜூன் 17

பக்கத்து வீட்டு மாமா வந்தார். மதகு, ஷட்டர் என்றே காலம் கழித்த ரிட்டையர்டு லஸ்கர், பாசனப் பணியாளர். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?" என்றார்.

நானும் தேடினேன். துண்டு துண்டான தூரிகைத் தீற்றல்கள், ஓட்டம் பிடிபடவில்லை. அங்கே தேம்ஸில் கடல் ஓதம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும், ஆறு இரு பக்கமும் ஓடும் என்றேன். "பூம்புகார் முகத்துவாரம் மாதிரின்னு சொல்லு. அப்ப கப்பல் ஏத்தம் பாத்துதான் உள்ள வரும்."

அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

ஜூன் 21

அரசலாற்றில் தண்ணீர். நுரை, பாட்டில், செருப்பு, செம்பழுப்பு.

கட்டுரை இரண்டே பக்கம். முதல் வரி போய்விட்டது. இப்போது சிவப்புக் கப்பலில் தொடங்குகிறது, அப்புறம் ஓதம். "மீதி ரெண்டு பக்கம்?" என்றேன். "மாமாவ இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்கிறாள்.