குப்புறப் படுக்கை நாட்கள்

ஜூன் 3

சிகிச்சைக்காக அப்பாவின் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். இனி இரவும் பகலும் குப்புறத்தான். எவ்வளவு நாளைக்கு என்பதை அடுத்த முறை சொல்வார்களாம்.

ஜூன் 4

சொட்டு மருந்து மூன்று விதம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். மூடியின் நிறத்தை வைத்து அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அப்பா தரையைப் பார்த்தே பேசுகிறார், பாதிப் பேச்சு தலையணைக்குள் போய்விடுகிறது. பாட்டு வேண்டாமாம். செய்தி வேண்டவே வேண்டாமாம். "கப்பல் படம் ஏதாவது போடும்மா. காதால பாத்துக்கறேன்."

'சிங்க் த பிஸ்மார்க்!' போட்டேன். 1960, கறுப்பு வெள்ளை, லூயிஸ் கில்பர்ட் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை பிரிட்டிஷ் கடற்படை துரத்தி மூழ்கடிக்கும் கதை. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ துறைமுகத்தில் பாதி பார்த்தாராம். முகம் தெரியாவிட்டால் அந்த அதிகாரிகளின் இங்கிலீஷ் குரல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. "இப்ப பேசறது யாரு? அதே ஆளா, வேற ஆளா?" சமாளிக்க முடியாமல் போனில் நடிகர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 5

கதாநாயகனாக வரும் கென்னத் மோரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. படம் முழுக்க லண்டனில் நிலத்தடி அறையில் நிற்கிறார், எல்லோர் மேலும் சுள்ளென்று விழுகிறார். "தண்ணியே படாத ஆளு." அவர் நடிக்கும் கேப்டன் ஷெப்பர்ட் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் மோர் நிஜப் போரில் கடற்படை லெப்டினன்ட். அரோரா என்ற க்ரூசர் வகைப் போர்க்கப்பலிலும் விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலும் இருந்தவர். சொன்னேன். "அப்ப சரி" என்று உடனே கட்சி மாறிவிட்டார்.

மற்றவர்களையும் தேடிப் பார்த்தேன். பிரிட்டிஷ் அட்மிரல் டோவியாக வரும் மைக்கேல் ஹோர்டர்ன், போரில் இல்லஸ்ட்ரியஸ் கப்பலில் இருந்திருக்கிறார். டோவியின் கப்பலுக்கு கேப்டனாக வரும் ஜாக் கில்லிம் நடிக்க வருவதற்கு முன்பே கடற்படையில் சுமார் இருபது வருடம். இது நடிகர் தேர்வா, பழைய ஆட்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதா தெரியவில்லை.

இவர்களுக்கு நடுவில் டானா வின்டர் ஒருத்திதான் நிதானமாகப் பேசுகிறாள். அவள் குரல் வந்தால் மட்டும் அப்பா யாரென்று கேட்பதில்லை.

ஜூன் 6

தூங்கவில்லை. அவரும்தான்.

ஜூன் 7

எஸ்மண்ட் நைட்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலின் கேப்டனாகச் சில நிமிடங்கள் வருகிறார். கவனிக்காமல் விட்டிருப்பேன். பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்த்தது வினை.

1941 மே 24 காலை, டென்மார்க் நீரிணை. பிஸ்மார்க் சுட்டதில் ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. 1,418 பேர் இருந்த கப்பல், பிழைத்தது மூன்று பேர். பின்னால் வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மேலும் குண்டுகள் விழுந்தன. அந்தக் கப்பலில் லெப்டினன்டாக இருந்தவர் இதே எஸ்மண்ட் நைட். போருக்கு முன்பே நடிகர். அன்றோடு பார்வை போனது. ஒரு கண் போனது போனதுதான். இன்னொன்றில் 1943இல் சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு திரும்பியது. அப்புறம் 1960இல், தன் கண்ணைப் பறிகொடுத்த அதே கப்பலுக்குத் திரையில் கேப்டன். நிஜ கேப்டன் ஜான் லீச், 1941 டிசம்பர் 10 அன்று மலாயாக் கடலில் ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தபோது அதோடு போய்விட்டார். ஆக, செத்துப்போன தன் கேப்டனாக நிற்கிறார் இந்த மனிதர்.

ஓரளவு என்றால் எவ்வளவு? ஆள் முகம் தெரியுமா? படியில் தனியாக இறங்கலாமா? பேப்பர் படிக்க முடியுமா, தலைப்பு மட்டுமா? எழுதுகிறவர்கள் எல்லாம் "ஓரளவு" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அவர் வரும் காட்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன், கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. ஒன்றும் பிடிபடவில்லை. நன்றாக நடிக்கிறார். அதுதான் எரிச்சல்.

"இது யாரும்மா?" என்றார் அப்பா. "கேப்டன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 8

அத்தை வந்துவிட்டுப் போனார். எந்தக் கண், எந்தக் கண் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். மற்ற கண்ணைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 9

இன்று எல்லாவற்றின் மேலும் கோபம். படத்தின் மேலும்.

ஜெர்மன் அட்மிரல் லூட்யன்ஸாக வருபவர் கரேல் ஷ்டெபானெக். செக் நாட்டுக்காரர், நாஜிகளின் ஆட்சி வந்த பிறகு பிரிட்டனுக்கு ஓடிவந்தவர். வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்ததில் பல நாஜி வேடம். எவனிடமிருந்து தப்பி வந்தாரோ அவன் உடுப்பையே போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்திருக்கிறது. சரி, அது பிழைப்பு. ஆனால் லூட்யன்ஸை வெறிபிடித்த நாஜியாகக் கத்த விட்டது அநியாயம். நிஜ லூட்யன்ஸ் 1938இல் யூதர்கள் மேல் நடந்த வன்முறையை எதிர்த்து எழுத்தில் புகார் கொடுத்தவர். நல்லவர் என்று சொல்லவரவில்லை, ஹிட்லரின் கப்பலைத்தானே ஓட்டினார். ஆனால் வாயை மூடிக்கொண்டு கடமையைச் செய்கிற அட்மிரல், கத்துகிற அட்மிரலைவிடப் பயமாக இருந்திருப்பார். படமும் நன்றாகியிருக்கும்.

இரண்டாயிரம் பேருக்கு மேல் போனார்கள் பிஸ்மார்க்கோடு. மே 27.

கழுத்து வலிக்கு ஒத்தடம் கொடுத்தேன். "நீ ஏன் இன்னைக்கு இவ்வளவு சத்தமா பேசறே?" என்றார்.

ஜூன் 10

கோடு தெரிகிறதாம்!

காலையில் முகம் கழுவ எழுந்தபோது சொன்னார். மேலே ஒரு கீற்று வெளிச்சம், அதற்குக் கீழே எல்லாம் கலங்கல், நடுவில் ஒரு கோடு, தலையை ஆட்டினால் அதுவும் ஆடுகிறது. "வாட்ச் டியூட்டி முடிஞ்சு மேல வந்து டெக்ல நின்னா அடிவானம் ஆடுமே, அது மாதிரி." வாயு கரையக் கரையக் கோடு இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். இறங்கட்டும். இறங்கட்டும்.

ஜூன் 11

நைட்டின் கதையை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோடு கொடுத்த தைரியம்.

ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "கண்ணு போன பிறகு எத்தனை படம்?"

நிறைய. சுத்தமாகப் பார்வை இல்லாத நேரத்திலேயே 1943இல் 'தி சில்வர் ஃப்ளீட்' படத்தில் நாஜி அதிகாரி. 1951இல் வந்த ழான் ரென்வாரின் 'தி ரிவர்' படத்துக்காக வங்காளத்துக்கே வந்திருக்கிறார். கங்கைக் கரைக் குடும்பத்தில் அப்பா வேடம், அம்மாவாக நடித்தது அவர் நிஜ மனைவி நோரா ஸ்வின்பர்ன். அதே படத்தில்தான் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பின்னாளில் தலைவரான ராதா பர்னியர் நடித்தார், ஆடினார்.

"அந்தம்மா ஆடறப்போ இவன் பாத்திருப்பானா?"

எனக்கென்ன தெரியும். ஓரளவு பார்த்திருப்பார் என்றேன்.

"அப்ப அந்த கேப்டன் வர்ற இடத்தைத் திரும்பப் போடு." போட்டேன். காதைத் தலையணையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். "குரல்ல ஒண்ணும் தெரியலையே" என்றார் திருப்தியாக.

ஜூன் 12

கேள்விகள் கூடிவிட்டன, நல்ல அறிகுறி.

ஸ்வோர்ட்ஃபிஷ் விமானம் போட்ட டார்பிடோ பிஸ்மார்க்கின் சுக்கானைச் சிதைக்கும் இடம் அவருக்குக் கொண்டாட்டம். துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் அவ்வளவு பெரிய போர்க்கப்பலை முடக்குகிறது. "சுக்கான் போச்சுன்னா என்ஜின் என்ன பண்ணும்? வட்டம்தான் அடிக்கணும்." உடனே பழைய குறை: படத்தில் பேசுகிறவன் எல்லாம் கப்பலை நடத்துகிற மேல்தட்டு பிரிட்ஜில் நிற்கிறான், மேசையைச் சுற்றி நிற்கிறான். என்ஜின் ரூமில் இருக்கிறவனுக்குப் பேரும் இல்லை, பேச்சும் இல்லை. பட்டியலைக் கடைசிவரை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்ட் ஆர். மரோ தன் வேடத்தில் தானே நடிக்கிறார். "ரேடியோக்காரனுக்குக்கூட இடம் இருக்கு பாரு."

பீரங்கிக் காட்சிகளை வான்கார்டு என்ற நிஜப் போர்க்கப்பலில் எடுத்திருக்கிறார்கள், படம் வந்த 1960லேயே அது உடைக்கப் போய்விட்டது. இது அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் பிஸ்மார்க்கை டார்பிடோவால் அடித்த டார்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் க்ரூசர் என்ன ஆனது என்றார். 1942 ஏப்ரல் 5, இலங்கைக்குத் தென்மேற்கே, ஜப்பானிய விமானங்கள். "நம்ம பக்கத்துலயா? அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேனே." அதற்குப் பிறகு கப்பல் பெயர்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார், படத்தில் இருப்பவை அல்ல, அவர் வேலை பார்த்தவை. எழுதிக்கொள்ளச் சொன்னார். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 13

கோட்டுக்கு மேலே கறுப்பாக ஏதோ பறக்கிறது என்கிறார். கோடும் கோணலாம். போன் செய்தேன், இப்போதே கிளம்பி வரச் சொல்கிறார்கள். ஃபைல், சொட்டு மருந்து அட்டவணை, சார்ஜர். ஆட்டோவில் எப்படிக் குனிந்தே உட்கார வைப்பது