எடைக்குப் போட்ட ராலே

போன ஜூலை கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை, டெல்லி ஆர்.கே.புரத்துல எங்க தெருவுக்கு வர்ற கபாடிக்காரர், அதாவது பழைய சாமான் எடைக்கு வாங்கறவர், வண்டியில பழைய கூலருக்கு மேல ஒரு சைக்கிள் குப்புறக் கிடந்துச்சு. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சிருந்ததாலதான் நின்னு பாத்தேன். சீட்டுக்குக் கீழ இருக்கற குழாய்ல அப்பியிருந்த அழுக்கை கர்ச்சீப்பால துடைச்சா பாதி உரிஞ்ச ஸ்டிக்கர்ல 531னு தெரியுது. எனக்கு கையெல்லாம் படபடன்னு ஆயிடுச்சு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், 531ங்கறது பர்மிங்காம் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935ல கொண்டுவந்த மாங்கனீஸ் மாலிப்டினம் ஸ்டீல் குழாய், அப்புறம் பல வருஷத்துக்கு நல்ல ரேஸ் சைக்கிள்னாலே இந்த குழாய்தான், டூர் டி ஃப்ரான்ஸ் ஜெயிச்ச வண்டிங்கள்லயே எத்தனையோ இதுல செஞ்சதுதான். கபாடிக்காரர் கொக்கித் தராசுல மாட்டிப் பாத்துட்டு "பன்னெண்டரை கிலோதான் சாப், இதுல இரும்பே இல்லையே"ன்னு சலிச்சுக்கிட்டார். நம்ம ஊரு கறுப்பு சைக்கிள்னா 20 கிலோ தாண்டும். எடை குறையணும்னே பாத்துப் பாத்து செஞ்ச வண்டி, எடை குறைஞ்சதாலயே மலிவா போகுது. 500 ரூபா குடுத்து தூக்கிட்டு வந்துட்டேன்.

இங்கிலாந்து நாட்டிங்காம்ல ராலே கம்பெனி செஞ்ச சூப்பர் கோர்ஸ்ங்கற மாடல், 1970கள்ல வந்த வண்டி. பெயிண்ட் அங்கங்க உதிர்ந்திருக்கு, செயின் ஒரே கட்டி, கியர் மாத்துற சிம்ப்ளெக்ஸ் டெரெய்லர் பிளாஸ்டிக்குங்கறதால விரிசல் விட்டு ரெண்டா நிக்குது. ஆனா ஃப்ரேம்ல ஒரு நெளிவு கிடையாது, குழாயும் குழாயும் சேர்ற இடத்துல இருக்கற லக்கெல்லாம் அப்படியே கூர்மையா இருக்கு.

பாத்தவங்க எல்லாருமே "பவுடர் கோட்டிங் குடுத்துடு, புதுசு மாதிரி ஆயிடும்"னாங்க. நான் ஒத்துக்கல. மணல் அடிச்சு பழைய பெயிண்டை எடுத்தா அந்த ஸ்டிக்கரும் போயிடும், மேல தடிமனா பவுடர் பூசினா லக்கோட ஓரமே தெரியாது. அப்புறம் அது இந்த வண்டியே இல்ல. திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் இதுல செய்யக்கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கடைசி வரைக்கும் அதை விடல.

முதல் கண்டம் பெடல் கை ரெண்டும் மாட்டுற நடு அச்சுலதான். பக்கத்துல ஒரு கடைக்கு ஓவராயில் பண்ண எடுத்துட்டுப் போனேன், அங்க இருந்த பையன் வலது பக்கத்து கப்பை, அதாவது அச்சைத் தாங்குற பால்ரஸ் உக்கார்ற கிண்ணத்தை, உளி வச்சு சுத்தியால அடிச்சுத் திருப்பப் பாத்தான். ஓடிப்போய் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். அந்தப் பக்கம் மரை இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா திருப்பினாதான் கழலும், அவன் அடிச்சது இறுக்குற திசையில. அது போக, ராலே தன் நாட்டிங்காம் வண்டிங்களுக்கு இஞ்சுக்கு 26 மரை வெட்டுவாங்க, மத்த இங்கிலீஷ் கம்பெனிங்க 24. கப் உடைஞ்சா வேற கப் வாங்கி மாட்டிக்கலாம்னு கனவுல கூட நினைக்க முடியாது. வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்து, வலது கப்பை கழட்டாமலே விட்டுட்டு இடது பக்கத்தை மட்டும் திறந்து, துணியில மண்ணெண்ணெய் நனைச்சு விரலை உள்ள விட்டு துடைச்சேன். துடைக்கத் துடைக்க கறுப்பு மெழுகு மாதிரி வந்துட்டே இருந்துச்சு, ஆறாவது துணியிலதான் வெறும் எண்ணெய் வந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா பால்ரஸ் ஓடுற தடம் கண்ணாடி மாதிரி பளபளன்னு, ஒரு குழி கூட இல்ல!! பக்கத்துக்கு 11, கால் இஞ்சு பால்ரஸ், புதுசா கிரீஸ்ல பதிச்சு உக்கார வச்சேன்.

சாமானுக்கு ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்தான். இந்த வண்டிக்கு க்ராங்கை, அதாவது பெடல் கையை, அச்சோட பிடிக்கறது காட்டர் பின், வெளிநாட்டுல அதெல்லாம் வழக்கொழிஞ்சு தேடித் தேடி வாங்கறாங்க, இங்க கடைக்குக் கடை டப்பா டப்பாவா இருக்கு, ஏன்னா பால்காரரும் சிலிண்டர்காரரும் ஓட்டுற கறுப்பு சைக்கிள்ல இன்னும் அதேதான். அந்த மாதிரி சைக்கிள் செஞ்ச சாஹிபாபாத் அட்லஸ் ஃபேக்டரியை 2020 ஜூன் 3ந்தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்னைக்கு மூடினப்போ எனக்கு மனசே சரியில்லாம இருந்துச்சு, ஆனா அந்த வண்டிங்க ரோட்ல ஓடற வரைக்கும் என் ராலேவுக்கும் பின் கிடைக்கும்.

டயர்தான் படுத்திடுச்சு. இதுக்கு 27 × 1¼, ரிம்முல டயர் உக்கார்ற விட்டம் 630 மில்லிமீட்டர். நம்ம ஊரு 28 × 1½ டயர் 635, இப்ப வர்ற 700சி 622. ஒண்ணு தொளதொளங்குது, இன்னொண்ணு ஏறவே ஏறாது. கடைக்காரர் "28 போட்டுக்குங்க சாப், எல்லாம் ஒண்ணுதான்"னார், ஒண்ணு இல்லவே இல்ல, காத்தடிச்சா கழண்டு வந்து ஆளையே தள்ளிடும். ஆன்லைன்ல தேடி கெண்டா கம்பெனி டயர் ஒரு ஜோடி வாங்கினேன். ஸ்போக்ஸ் மட்டும் அங்கயே ஒரு வயசான மிஸ்திரி புதுசா கோத்துக் குடுத்தார். கோட்டம் எடுக்கறப்போ அவர் ரிம்மை விட ஸ்போக்ஸைத்தான் கவனிச்சார், ரெண்டு ரெண்டா விரலால பிடிச்சு அழுத்தி, நகத்தால தட்டி, சத்தம் மந்தமா கேட்டா ஒரு கால் திருப்பு. நான் வாய் திறக்காம ஒரு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டிருந்தேன்.

கியருக்கு சாதாரண ஷிமானோ டூர்னி, அச்சுல மாட்டுற கொக்கி வச்சது, அதனால ஃப்ரேம்ல எதையும் வெட்ட வேண்டியதில்ல. லீவர் பழசே, கிளிக் இல்லாத லீவருங்கறதால எந்த டெரெய்லரோடயும் ஒத்துப்போகும். ப்ரூக்ஸ் தோல் சீட்டைப் பாத்துட்டு அம்மா "தேங்காயெண்ணெய் தடவுடா, வெடிப்பெல்லாம் அடங்கும்"னாங்க. "வேணாம்மா, எண்ணெய் அதிகமானா தோல் தொட்டில் மாதிரி தொங்கிடும்"னு சொல்லி தேன்மெழுகு சேர்த்த பாலிஷ் மெலிசா தேச்சேன். குட்டி குட்டி துரு பிடிச்ச சாமானெல்லாம் ஆக்ஸாலிக் ஆசிட் தண்ணியில ஒரு ராத்திரி ஊறினதுக்கே சுத்தமாயிடுச்சு, கிளவுஸ் போட்டுக்கிட்டு செய்யுங்க, அது விஷம்.

பிப்ரவரியில ஒரு விடிகாலை, மலை மந்திர் மணிச் சத்தம் கேக்கறப்போ கிளம்பி சாந்தி பத் வழியா விட்டேன். அந்த அகலமான ரோட்ல ஆளே இல்ல. ஒரு மிதி மிதிச்சா வண்டி அது பாட்டுக்கு போயிட்டே இருக்கு, பின்னாடி ஃப்ரீவீல் சத்தம் மட்டும், குழியில இறங்கினப்போ ஃப்ரேம் லேசா வளைஞ்சு கொடுத்ததை இடுப்புல உணர்ந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தியா கேட் கிட்ட போறதுக்குள்ள இடது பெடல்ல லேசா டொக்கு டொக்குன்னு ஒரு ஆட்டம். புது காட்டர் பின் முதல் ஓட்டத்துல இப்படி இறங்கி உக்காரும், எதிர்பார்த்ததுதான். நடைபாதையில வண்டியைச் சாய்ச்சு, பையில இருந்த ஸ்பானரை எடுத்து நட்டை அரைச் சுத்து இறுக்கிட்டு, மறுபடி ஏறினேன்.