கடையை வீட்டுக்கு அடியில் வைத்தால்

ஆலையில் ஆறு மாதம் இரவு ஷிப்ட் ஓவர்டைம் செய்து ஒதுக்கிய பணம், ஒன்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்). "இதுல நான் கை வைக்க மாட்டேன், என்னமோ வாங்கிக்குங்க" என்று மனைவி சொன்ன அன்றைக்கே புது கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு ஒரே நாளில் முடிவானது: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலை பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு கேம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் சுடுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. விமானம் ஓட்டுகிறேன். ஈப்போவில் ஏறி பினாங்கில் இறங்குவேன். பழைய மெஷினின் பிராசசரில் கணக்குப் போடும் பகுதிகள், அதாவது கோர், ஆறுதான். அதில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் கண்ணில் பட்டதும் விமானத்துக்கு விக்கல் எடுத்துவிடும். அந்த நேரத்தில் மீட்டரைத் திறந்து பார்த்தால் கார்டு பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். பிராசசர் அதற்கு வேலை அனுப்பி முடிக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் புது கார்டு எதற்கு என்று கேட்காதீர்கள். அது ஆசை.

ஈப்போவில் ஒரு கடையில், "பாஸ், இது 24 கோர், அந்த ஏஎம்டி பிராசசர் வெறும் 8" என்று இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே பெட்டியை எடுத்து முன்னால் வைத்தான் ஒரு பையன். கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த 24இல் பெரிய கோர் எட்டு, மீதி பதினாறும் சின்னவை. கல்யாண வீடியோ எடிட் செய்கிற என் மச்சானுக்கு அது நல்ல சாமான். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் பதினாறும் உழைக்கும். விமான கேமில் முக்கியக் கணக்கெல்லாம் ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழுகிறது. மற்றவை தோட்டத்துக் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்.

பிறகு, பெயர் முடிவில் எக்ஸ்3டி என்று வரும் ஏஎம்டி பிராசசர்கள் பற்றி அப்பாவிடம் விளக்க வேண்டியதாயிற்று. அவர் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். மூன்று வாரமாக இவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குக் குடைச்சல். நான் சொன்னேன்: "கோர் வேகமா கணக்குப் போடும்பா. ஆனா அதுக்கு வேண்டிய சாமான் தள்ளி ராம்ங்கிற மெமரில இருக்கு. ஒவ்வொரு தடவையும் அங்க போய் எடுத்துட்டு வரணும். பக்கத்துலயே கொஞ்சம் அடுக்கி வைக்கிற இடத்துக்குப் பேரு கேஷ்."

"தோட்டத்துக் கடை மாதிரி" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். பட்டணத்துக்குப் பஸ் பிடித்துப் போனால் அரை நாள் போச்சு. தொழிலாளர் வீட்டு லயத்துக்கு எதிரேயே கடை இருந்தால் உப்பு தீர்ந்தாலும் உலை இறக்க வேண்டாம். ஏஎம்டியின் சாதாரண எட்டுக் கோர் ரைசன் 9700எக்ஸில் இந்தக் கடை, அதாவது எல்3 கேஷ், 32 மெகாபைட். 9800எக்ஸ்3டியில் அதோடு இன்னொரு 64 சேர்த்து 96. விமான கேம் மாதிரி ஆயிரம் சில்லறைச் சாமான் கேட்கிற கேமுக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. 2022இல் வந்த 5800எக்ஸ்3டியிலும் 2023இல் வந்த 7800எக்ஸ்3டியிலும் கூடுதல் கேஷைக் கோருக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கூரைக்கு மேல் மூட்டை அடுக்கிய மாதிரி. அடுப்புச் சூடு மேலே போவது கஷ்டம். அதனால் வேகத்தைக் கொஞ்சம் அடக்கியே வைத்தார்கள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அதைக் கீழே மாற்றிவிட்டார்கள். நம்ம கம்பத்து மலாய் வீடுகளைப் பாருங்கள்: கால் வைத்துத் தூக்கிய வீடு, அடியில் சாமான், கூரை காலி. கூலர் நேரடியாகக் கோரின் முதுகில் உட்காருகிறது. உச்ச வேகமும் 7800எக்ஸ்3டியின் 5 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 5.2க்கு ஏறிவிட்டது.

சூடு எனக்குச் சின்ன விஷயம் இல்லை. என் அறைக்கு மேலே தகரக் கூரை, ஏர்கோன் கிடையாது. நாள் முழுக்க பாய்லர் பக்கத்தில் நின்றவன் வீட்டிலும் இன்னொன்றை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? 285கே முழு மூச்சில் 250 வாட் வரை இழுக்கும். 9800எக்ஸ்3டி 120 வாட் ரகம், கேமில் பெரும்பாலும் அதற்கும் கீழேதான்.

16 கோர் 9950எக்ஸ்3டியும் ஆசை காட்டியது. அதில் கூடுதல் கேஷ் எட்டுக் கோருக்கு மட்டும்தான். மற்ற எட்டுக்கும் சேர்த்து நான் காசு கொடுக்க வேண்டும், வேண்டாம். புள்ளிகள் மிக நிறைந்த 4கே திரை வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. அங்கே பெரும்பாலும் கார்டுதான் திணறும், மலிவான பிராசசரே போதும். என்னுடையது அதைவிடப் புள்ளிகள் குறைந்த 1440பி.

கடைசியில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து 9800எக்ஸ்3டி வாங்கினேன். நண்பன் கைமாற்றிய பி650 மதர்போர்டில் மாட்டி சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை இருட்டு. வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: போர்டு பிராசசரை விடப் பழசு, அதன் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நல்லவேளை, பின்னால் அதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. பென்டிரைவைச் செருகி அழுத்திவிட்டு தே ஓ ஒன்று குடித்து வருவதற்குள் முடிந்தது.

பினாங்கில் இறங்கினேன். விக்கல் இல்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நம்ம பழைய தோட்டத்துப் பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். கீழே செம்பனை, செம்பனை, செம்பனை. நாலு தடவை வட்டமடித்தோம். "ஆத்தோரமா போ, கோயில் கோபுரம் தெரியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மணி பதினொன்று. எனக்கு மறுநாள் காலை ஷிப்ட்.