நிறுத்திய நிரல் நின்றுவிட்டதா?

யாங்கோனில் ஷ்வே பொந்தா தெருவிலுள்ள தன் அப்பாவின் மளிகைக் கடைக்காக, அன்றாடக் கொள்முதலைப் பதிந்து உலாவியில் காட்டும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை என் அக்கா மகன் எழுதி வருகிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை அதை 8000ஆம் போர்ட்டில் (உலாவி நிரலைத் தேடி வரும் எண்ணிட்ட வாசலில்) ஓடவிட்டவன், பிழை ஒன்றைத் திருத்துவதற்காக டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், கண்ட்ரோல் இசட் அழுத்தினான். திருத்திவிட்டு மறுபடி ஓட்டியபோது, "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது) என்ற செய்தியும் 98 என்ற பிழை எண்ணும் வந்தன.

"நான்தான் நிறுத்திட்டேனே மாமா!"

அவன் நிறுத்தவில்லை, உறங்க வைத்திருந்தான். லினக்ஸ் இயங்குதளத்தில் கண்ட்ரோல் இசட் நிரலை முடிப்பதில்லை. பிடித்திருக்கும் நினைவகத்தையும் போர்ட்டையும் விடாமல் அது அப்படியே உறைந்து கிடக்கும். எஃப்ஜி என்று தட்டி அதை முன்னால் வரவழைத்து, கண்ட்ரோல் சி கொடுத்ததும் போர்ட் விடுபட்டது.

டெர்மினலே வேண்டாம் என்று அவன் பைத்தான் நிரல்களை எழுதி ஓட்டும் பைச்சார்ம் என்ற மென்பொருளுக்கு மாறினான். அங்கே ஓட்டுவதற்கு ஷிஃப்ட் எஃப்10, நிறுத்துவதற்கு கண்ட்ரோல் எஃப்2 அல்லது சிவப்புச் சதுரம். அந்தச் சதுரத்தை ஒரு முறை அழுத்தினால் நிரலிடம் முடித்துக்கொள்ளும்படி கேட்கப்படுகிறது. அது உடனே முடியாவிட்டால் சதுரம் மண்டையோடாக மாறும், அதை அழுத்தினால் கேள்வியே இல்லை. பொறுமையில்லாமல் இரண்டு முறை தட்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம், எனக்கும்தான். வெளியேறும்போது காட்டப்படும் எண்ணைப் பார்த்தால் என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும்: 130 என்றால் கண்ட்ரோல் சி அனுப்பும் அதே 2ஆம் சிக்னல் (சிக்னல் என்பது இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு), 137 என்றால் மண்டையோட்டின் 9ஆம் சிக்னல், இரண்டிலும் 128 கூட்டப்பட்டிருக்கிறது. 2ஆம் சிக்னல் வந்தால் பைத்தான் அதை ஒரு பிழையாக எழுப்புவதால், பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் எழுதியுள்ள கோப்பு மூடும் வேலைகள் நடந்துவிடும். 9ஐ எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. கோப்பில் இறங்காமல் பஃபரில், அதாவது நினைவகத்தின் இடைத்தங்கலில், காத்திருந்த வரிகள் போனது போனதுதான்.

எங்கள் ஊரில் மின்வெட்டும் அந்த 9ஆம் சிக்னலைப் போலத்தான் வருகிறது. பேட்டரி செத்துப்போன பழைய மடிக்கணினியில் எழுதுகிறவன், சொல்லாமல் நிறுத்தப்படுவதற்கும் தயாராக எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே கணக்குக் கோப்பின் மேலேயே எழுதாமல், பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, எஃப்சிங்க் செய்து (வட்டில் உண்மையாகவே இறக்கச் சொல்லி), பிறகு ஓஎஸ் ரீப்ளேஸ் என்ற பைத்தான் கட்டளை மூலம் அதன் பெயரைக் கணக்குக் கோப்பின் பெயராக மாற்றும்படி அவனுக்குக் காட்டினேன். அப்படிச் செய்தால் கோப்பு பழையதாக இருக்கும், அல்லது புதியதாக இருக்கும், பாதியாக இருக்காது.

சோதிப்பதற்கு மண்டையோட்டை அழுத்தலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய்விட்டது. இரவு அது திரும்பியதும் கோப்பைத் திறந்தோம். காலைக் கணக்கு முழுவதும் இருந்தது. கடைசியாகத் தட்டிய பருப்பு மூட்டை மட்டும் இல்லை.